அம்மன் ஏறிய சக்கர நாற்காலி

அன்பு மகன் தர்மேந்திரனுக்கு அம்மா எழுதுவது. லிங்கித் தோட்டத்தில் நாங்கள் சுகம், கூச்சிங்கில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்வார், அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்குக் கை கால் இழுத்துக்கொண்டபோது நீ வாங்கி அனுப்பிய சக்கர நாற்காலிக்கு வரியில் சலுகை எடுத்தாயே, அதை இப்போது வரி ஆபீஸில் ஏன் திருப்பிக் கேட்கிறார்கள் என்று விளங்காமல், உனக்கு வரிக் கணக்குப் போடும் ஹேமநாதனைத் தம்பின் டவுனுக்கே போய்ப் பார்த்தேன். "அக்கா, சலுகை நாற்காலிக்கு இல்ல, அதுல உக்கார்ற நோயாளிக்கு. வேற ஆளு உக்காந்தா கொடுத்தத திருப்பி எடுத்துக்குவாங்க லா" என்றான். வேறு யார் உட்காருகிறார்கள் என்றும் கேட்டான். அம்மன் என்று எந்த வாயால் சொல்வேன்?

உன் அப்பாதான் "நான் என்ன நொண்டியா?" என்று அதில் ஒருநாள்கூட உட்காரவில்லையே. ஆடி வெள்ளிக்கு அம்மனைத் தூக்க நாலு ஆள் தேறவில்லை, பையன்கள் எல்லாம் செனவாங் ஃபேக்டரியில். கோயில் தலைவர் நல்லசாமி, சும்மா கிடந்த நாற்காலியில் அம்மனை ஏற்றிவிட்டார். நன்றி மறவாத மனுஷர், அதன் முதுகில் சிவப்புப் பெயிண்டில் 'உபயம்: தர்மேந்திரன், கூச்சிங்' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தார். தள்ளுகிறேன் பேர்வழி என்று அப்பா கைப்பிடியைப் பிடித்தவர், வெள்ளிக்கு வெள்ளி லயத்து வீடுகளைச் சுற்றிச் சுற்றி, இப்போது பிடிமானம் இல்லாமலே காப்பிக் கடை வரை நடந்துபோய் அரசியல் பேசிவிட்டு வருகிறார். நோயாளி தள்ள, சாமி சொகுசாக உட்கார்ந்து வருகிறது. இதை வரிப் பாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவாய், படித்தவன் நீயே சொல்.

வரி ஆபீஸில் காட்ட நீ கேட்டாய் என்று அப்பாவை அதில் உட்காரவைத்து, பெயிண்ட் தெரியாமல் முன்பக்கமாகப் படம் எடுத்தேன். மகனுக்காக என்றதும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். கையைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் நம்புவார்கள் என்று நானே சொன்னேன். படம் எடுத்து முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை தம்பி. மடக்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காப்பிக் கடைக்கும் போகவில்லை, சோறும் வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் படத்தை அன்றே அழித்துவிட்டேன். இரண்டு நாள் கெஞ்சிக் கூத்தாடித்தான் அவரை மறுபடி வாசல் தாண்ட வைத்தேன்.

அதனால் வரிக்காரர்கள் கேட்டதைக் கட்டிவிடு. ஒரேயடியாக முடியாவிட்டால் தவணை கேட்டுப் பார்க்கலாம் என்கிறான் ஹேமநாதன். எனக்கு உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை, நீ ஆசையாகத்தான் வாங்கி அனுப்பினாய்.

தாயி மாரியம்மா உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள், உன் செலவில்தானே ஊர்வலம் போகிறாள். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த வருஷப் பாரத்தில் அப்பாவுக்கு முடியவில்லை என்று எழுதாதே. அவர் நடக்கிறார். அதற்குச் சலுகை இல்லாவிட்டால் போகட்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா மயிலம்மாள்