அளவில்லாப் பேச்சும் அரை நிமிட அம்மாவும்

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம், மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். இதை முதலிலேயே எழுதினால்தான் மீதியை நிம்மதியாகப் படிப்பாய். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதக் காரணம் நீதான். சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுகிறாயே!

போன வாரம் புது பிளான் போடக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் என் பழைய கணக்கைப் பார்த்துவிட்டு, "நீங்க பேசுறதெல்லாம் அரை நிமிஷம்தான் சார். இருக்கிறதிலேயே சின்ன பிளானே உங்களுக்கு ஜாஸ்தி" என்று சிரித்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கம்மா பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாங்க" என்று சொல்லி, எவ்வளவு பேசினாலும் ஒரே கட்டணம் என்கிற பெரிய பிளானைப் போட்டேன்.

அந்தப் பெருமையோடு கடை வாசலிலேயே நின்று உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? "நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? சரி சரி, காசு ஏறும், வச்சிடறேன்."

கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டாகிப்போன போனைக் காதில் வைத்தபடி, "ம்... அப்புறம்மா?" என்று தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டே நடந்தேன்.

இனிமேல் காசு ஏறாதம்மா. பேச ஒன்றும் இல்லையென்றாலும் பரவாயில்லை. போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நீ பாத்திரம் உருட்டுவதையும் அப்பாவைத் திட்டுவதையும் கேட்டபடி நான் இங்கே துணி துவைத்துக்கொள்வேன்.

கிடங்கு வாசலில் லாரி வந்துவிட்டது, பெட்டிகளை இறக்க வேண்டும். இந்த ஒரு தடவை நான் முதலில் வைக்கிறேன்.

உன் மகன்