இரண்டு அளவு பெரிய மோதிரம்

ஜூன் 12, வெள்ளி

மகள் மலரைப் பார்க்கச் சிதம்பரம் போனேன். திங்கட்கிழமை வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். போகுமுன், பல்கலைக்கழகத்தில் தான் ஆராய்ச்சி செய்யும் சரக்கிலேயே எனக்கொரு மோதிரம் செய்துதர அவளுக்கு ஆசை. பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை அச்சில் வார்த்து, காற்றுப் படாத உலையில் மெல்லச் சூடேற்றினால் சிலிக்கான் கார்பைடு ஆகிவிடுமாம். சாணைக்கல்லில் இருக்கும் அதே கெட்டிச் சரக்கு. ஆனால் வேகும்போது சுருங்குமாம்.

போன மாதம் போனில் அதைக் கேட்டதும் என் பத்தாம் வகுப்பு மூளை வேலை செய்தது. விரல் அளவைத் தாராளமாகக் கூட்டிச் சொல்லியிருந்தேன். சுருக்கத்தை அவளும் கணக்குப் பண்ணியிருக்கிறாள். வார்த்தவற்றில் மற்றவை விரிசல் விட, முழுசாக வந்த ஒரே மோதிரம் என் விரலில் வளையலாக ஆடியது.

"ஏம்பா, எனக்கு யூனிஃபார்ம் வாங்குன மாதிரியே அளவு குடுத்துருக்கீங்க. உங்க விரல் இன்னும் வளரப் போவுதா?"

சிரித்துவிட்டேன். ஜூன் வந்தால் மஞ்சக்குப்பத்துக் கடையில், வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாகவே வாங்குவேன். நானே பாவாடையை மடித்துத் தைப்பேன். மடிப்பைப் பிரிக்கப் பிரிக்க வளர்ந்தாள்.

"வேற பண்ணலாம்னா சரக்கு தீந்துபோச்சுப்பா" என்றாள். முகம் வாடிவிட்டது.

"எனக்கு இதுதாம்மா வேணும்" என்று வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மோதிரத்தில் நூல் சுற்றினேன். இப்போது விரலில் நிற்கிறது. அவள் பாவாடைக்கு வாங்கிய நீல நூல்கண்டில் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது.