படத்து வாசலில் ஒரு சிறுமி

ஆதிஜே ஆற்றுக் கோட்டைச் சிறை
1751, மார்ச் 3

என் ஓர்சோலாவுக்கு,

பதறாதே, உயிரோடுதான் இருக்கிறேன். இந்தப் பக்கம் ஒரு மாளிகைச் சுவரில் வரைய வந்த வழியில், சத்திரத்தில் பொழுது போகாமல் ஒரு கற்பனைக் காட்சி வரைந்தேன். இடிந்த ரோமானிய வளைவு, பின்னால் மலை, அடியில் மதில், மதிலில் தண்ணீரை ஒட்டி ஒரு சின்னக் கதவு. அதைப் பார்த்த காவலர்கள் என்னைப் பிடித்து வந்துவிட்டார்கள். அப்படி ஒரு ரகசியக் கதவு இந்தக் கோட்டையில் நிஜமாகவே இருக்கிறதாம்! தளபதி என் சட்டையைப் பிடித்து, "எவன்டா உனக்குக் காட்டுனான்?" என்கிறார். "என் மனசுதாங்க காட்டுச்சு" என்றேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். உளவாளிக்கு இங்கே தூக்குதான்.

விசாரிக்க ஓர் அதிகாரி வெனிஸ் வருகிறார். உலகத்தில் இல்லாத இடங்களைக் கற்பனையாக வரைகிறவன் நான் என்று அவரிடம் சொல். அது ஒன்றுதான் என்னைக் காப்பாற்றும்.

உன் சானெத்தோ

வெனிஸ்
மார்ச் 9

என் அன்புக் கணவருக்கு,

நான் உங்களைக் கொன்றுவிட்டேன். உங்கள் கடிதத்துக்கு முன்பே அந்த அதிகாரி வந்துவிட்டார். நல்ல கோட்டு, வெளியூர்ப் பேச்சு. படம் வாங்க வந்தவர் என்று நினைத்தேன். அந்த வளைவுப் படத்தை நீட்டி, "இந்த எடம் நெசமாவே இருக்காம்மா?" என்றார். ஊர் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள்? அதையேதான் சொன்னேன். "இல்லாமலா ஐயா? எங்க வீட்டுக்காரரு நேர்ல நின்னு பார்த்து வரைஞ்சது!" திராட்சை ரசம் வேறு ஊற்றிக் கொடுத்தேன், பாவி!

கடிதம் வந்ததும் தலைவிரிகோலமாக அவர் விடுதிக்கு ஓடினேன். "எல்லாப் பொண்டாட்டியும் இப்படித்தான் மாத்திச் சொல்லுவாங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

வீட்டில் இருக்கும் உங்கள் படங்களை வாரிக்கொண்டு மறுபடி போகிறேன். எல்லாவற்றிலும் ஒரு மூலையில் நம் வீட்டு வாசல் இருக்கிறது. வாசலில் அந்தச் சிறுமி. உங்கள் மூக்கு, என் சுருட்டை முடி. அவள் யார் என்று நான் ஒருநாளும் உங்களைக் கேட்டதில்லை. இன்று அவளைப் பற்றி அந்நியரிடம் பேசப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஓர்சோலா

ஆற்றங்கரைச் சத்திரம்
மார்ச் 17

ஓர்சோலா,

விட்டுவிட்டார்கள். உன் வாக்குமூலத்தை அதிகாரி எல்லார் முன்னும் வாசித்தார். "எங்க வாசல்ல நிக்குற இந்தப் பொண்ணு பொறக்கவே இல்லைங்க. வேணும்னா ஞானஸ்நானப் பதிவு வச்சிருக்கிற பங்குச் சாமியாரைக் கேளுங்க. பொறக்காத புள்ளைய இத்தனை வருசமா வரையுறவருக்கு, ஒரு கதவை யாராச்சும் காட்டணுமா?"

தளபதி தலையைக் குனிந்துகொண்டார். விடுதலை என்ற சொல் என் காதில் ஏறவே இல்லை. பொறக்கவே இல்லை என்பதுதான் ஏறியது. நாம் இருவரும் வாய் திறந்து சொல்லாததை ஓர் அந்நியன் குரலில் கேட்டேன்.

நீ அதிகாரியிடம் கொடுத்தனுப்பிய படங்களைத் திருப்பித் தந்தார்கள். மழை படாமல் சட்டைக்குள் வைத்திருக்கிறேன். நாளை படகு ஏறுகிறேன்.

வாசலில் நில். நீ ஒருத்தி நின்றால் போதும்.

சானெத்தோ