ரெனாத்தோ நின்ற இடம்

சனிக்கிழமை, ஜூலை

எங்கள் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ரெனாத்தோ இன்று முதன்முறையாக எங்களோடு விளையாடினார். இளமையில் இத்தாலியில் நடுக்கள ஆட்டக்காரராக இருந்தவர். முழங்கால் போனதால் பயிற்சியாளர் ஆனார். இன்று செவன் ஹில்ஸ் மைதானத்தில் பயிற்சி ஆட்டத்துக்கு ஒருத்தி வரவில்லை. அவரே ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றார்.

அவர் ஓடவே இல்லை. பந்து வருமுன்பே தலையைத் திருப்பி எல்லோரையும் பார்த்துவிடுகிறார். பிறகு ஒரு தட்டுத்தான். ஆளே இல்லாத இடத்துக்கு அனுப்புகிறாரே என்று நினைத்தபடியே ஓடினேன். நான் போய்ச் சேர, பந்தும் வந்து சேர்ந்தது. அடித்தேன். நாற்பது வயதில் என் முதல் கோல்.

"எடியே, அந்தாளுக்கு முதுகிலயும் கண்ணோ?" என்று எங்கள் அணியின் சுகந்தி கத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய்த் தூக்கினேன். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தார்.

"இனி நீ இங்கே நில். பந்தைப் பார்க்காதே, ஆட்களைப் பார்," என்றார் ஆங்கிலத்தில்.

பயந்து பயந்து நின்றேன். தலையைத் திருப்பினேன். சுகந்தி எந்தப் பக்கம் ஓடப்போகிறாள் என்பது அவள் ஓடுமுன்பே தெரிந்தது. இத்தனை காலமும் பந்துக்குப் பின்னால் ஓடியதில், மைதானம் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

அவருடைய முழங்காலை ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். அதைப் பற்றி இப்போது நினைக்க விருப்பமில்லை.

நாளைக்குப் போன் எடுத்துச் சுகம் கேட்க வேண்டும். நான் ஒரு கணம் கண்டதை, அவர் ஆடிய காலம் முழுவதும் கண்டாரா என்றும்.