திரும்பிப் போன இனிப்புப் பெட்டி

பல்லாவரம்,
ஆகஸ்ட் 2005

அருமை மகள் சோயாவுக்கு, உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பெங்களூரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை முதலில் சொல். போனிலேயே பேசலாம்தான். உன் குரல் கேட்டதும் வாப்பா அழுதுவிடுகிறார். எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோகிறது.

உனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், பெரிய இனிப்புப் பெட்டியோடு. பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு மாப்பிள்ளையின் உம்மா மெல்ல ஆரம்பித்தாள். எலி மூளையில ரத்தம் கசிய வச்சுப் பாக்குற வேலையாமே, அந்தக் கையாலயா எங்க வூட்டுல சோறாக்கறது, நிக்காஹுக்கு முன்னாடியே விட்டுடச் சொல்லுங்க என்றாள். எனக்கு வந்ததே கோபம்! மூன்று தலைமுறையாகத் தோல் மண்டி வைத்து, ஆட்டுத்தோலில் மாடி கட்டியவர்களுக்கு எலி மேல் இரக்கமாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

பேச்சு வராத உன் வாப்பா என்ன செய்தார் தெரியுமா? கட்டிலில் இருந்தபடியே, விளங்குகிற இடது கையால் அந்த இனிப்புப் பெட்டியை அவர்கள் பக்கம் தள்ளினார். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும், விட்டது பீடை.

இப்போது உன் விஷயம். இந்தச் சம்பந்தத்துக்காகத்தான் ஆராய்ச்சியை விடப்போகிறேன் என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. ஒரு எலி வலது காலை இழுத்து இழுத்து நடந்தது, வாப்பாவைப் பார்த்த மாதிரியே இருந்தது உம்மா என்று அன்றைக்கு விசும்பினாயே, அதுதான் காரணம். பெற்றவளிடமே மறைக்கிறாயா?

பாவம்தான் சோயா. வாயில்லா ஜீவன், பாவமில்லை என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்சிக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்ற உன் வாப்பா அப்படியே சரிந்தாரே, அன்றைக்கு டாக்டரின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். மூளையில ரத்தக் கசிவும்மா, வெயிட் பண்ணிப் பாப்போம் என்றார். மறுநாளும் அதையேதான் சொன்னார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் கொடுக்க மருந்து ஒன்றும் இல்லை. அந்தப் பாப்போம் இன்னொருத்தி காதில் விழக் கூடாது. அதற்குத்தான் நீ அங்கே இருக்க வேண்டும். எவன் வந்து கேட்டாலும் விடாதே. நீயாகவும் விடாதே.

நீ கண்டுபிடிக்கும்போது உன் வாப்பாவுக்கு அது உதவாது. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்துதான் பெட்டியைத் தள்ளினார்.

அழுகை வந்தால் வெளியே போய் அழு. முகம் கழுவிக்கொண்டு திரும்ப உள்ளே போ. எந்த உயிரையும் வீணாக்காதே, தேவைக்கு மேல் நோகவிடாதே. ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கையேந்துகிறேன். இப்போதெல்லாம் அந்த எலிகளுக்கும் சேர்த்தே கேட்கிறேன். அல்லாஹ் கோபித்துக்கொள்ள மாட்டான்.

உன் உம்மா,
ஷம்சாத்