எங்கள் வீட்டு லைன்

ஜூன் 2, செவ்வாய்

சோலார் பேனல்களைத் துடைத்தாயிற்று. பேட்டரி அறையையும் கூட்டிவிட்டேன். கரன்ட் வந்து மாதக்கணக்காகியும், மெயின் சுவிட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளுக்குள் ஒரு கெத்து. மலைமேல் இருக்கும் இந்த ஊருக்கே ஆபரேட்டர் நான்தானே!

கீழேயிருந்து நர்சம்மா வந்திருந்தார். "அடுத்த செவ்வாய் தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜைக் கொண்டு வர்றேன். அதுவரைக்கும் கரன்ட் நிக்காம ஓடணும். கரன்ட் நிக்கிற இடத்துல வச்சா மருந்து வீணாப்போயிடும்; நின்னுச்சுன்னா ஃப்ரிட்ஜ் வேற ஊருக்குத்தான்" என்றார். போன மழையில் பாதை அடைபட்டு, நாத்தனார் குழந்தைக்கு ஊசியே போட முடியவில்லை. இந்த ஃப்ரிட்ஜ் வந்தே ஆகணும்.

ஜூன் 3

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: லைட், ஃபேன், போன் சார்ஜர் மட்டும். மீறினால் ஒரு வாரம் லைன் கட். "ஆபரேட்டரம்மா சொன்னா சரிதான்" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜூன் 5

நின்றுவிட்டது. மொத்த ஊருக்கும்.

யாரோ பெரிய சாமான் எதையோ செருகியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். ஒன்றுமில்லை. கடைசியில் எங்கள் வீடு — என் வீட்டுக்காரருடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில், துணிக்கு அடியில், புத்தம்புது அயர்ன் பாக்ஸ். தொட்டேன். சுட்டது.

"கரிப்பெட்டியில தேய்ச்சா சட்டையில கரி ஒட்டுதுடி. அஞ்சு நிமிஷம்தானேன்னு..." என்று இழுக்கிறார். ஐயோ, இந்த மனுஷனை என்ன பண்றது! ஊருக்கெல்லாம் சொன்னேனே, வீட்டுல சொல்லலையா? சொன்னேன். காதுல வாங்கினாத்தானே.

வாசலில் ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள், நான் என்ன செய்யப்போகிறேன் என்று. மெயினை நிறுத்திவிட்டு, கம்பத்தில் ஏணி சாத்தி ஏறி, எங்கள் வீட்டு லைனைக் கழற்றினேன். இறங்கி வந்து மெயினைப் போட்டதும், எங்கள் வீடு தவிர எல்லா வீட்டிலும் லைட் எரிந்தது.

ஜூன் 6

இவர் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தைத்தார். நானும் அதே வெளிச்சத்தில்தான் சமைத்தேன்.

ஜூன் 9, செவ்வாய்

நர்சம்மா வந்தார். பின்னால் ரெண்டு பேர் ஃப்ரிட்ஜைச் சுமந்துகொண்டு.

"கரன்ட் நின்னுச்சா?"

பொய் வாய்வரை வந்தது. "ஒரு தடவை நின்னுச்சு" என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. சுமந்து வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன்.

கூட்டத்திலிருந்து இவர் முன்னால் வந்தார். "அது என்னாலதான் சிஸ்டர். கட்டின புருஷன்னுகூடப் பார்க்காம எங்க வீட்டையே இருட்டாக்கிட்டா. இனிமே இந்த ஊர்ல எவன் வாலாட்டுவான்?" சொல்லும்போது நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டார், ஏதோ தானே ஏணி ஏறினதுபோல!

நர்சம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "இறக்குங்கப்பா" என்றார்.

ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. எங்கள் ஊரிலேயே போட்ட முதல் ஊசி, நாத்தனார் குழந்தைக்கு. ஊரே கேட்க அழுதது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷத்தில்.

சாயங்காலம் இவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார். "ஆபரேட்டரம்மா, நம்ம லைன்..."

"வாரம் முடியட்டுங்க."