மந்தையை விட்டு விலகிய சொல்

மே 19
கமலவேணி டீச்சர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அரியலூர் பள்ளியில் அவர் தமிழ், நான் ஆங்கிலம்; நான் ஓய்வு பெறும்வரை பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஷீல்டில் பொறிக்க ஆங்கிலத்தில் ஒரு வரி வேண்டுமாம். நான் இப்போது இருப்பது பெரம்பலூரில் என்றாலும், இதற்கு என்னை விட்டால் யார்? ‘குட்’, ‘கிரேட்’ எல்லாம் எல்லாருக்கும் போடுவது. அகராதியில் ஒன்றைப் பிடித்தேன்: ‘எக்ரீஜியஸ்’. லத்தீனில், மந்தையிலிருந்து விலகி நிற்பது. நூறு ஆடு குனிந்து மேயும்போது ஒன்று மட்டும் நிமிர்ந்து பார்க்குமே, அதுதான் டீச்சர்.

மே 31
விழா. ‘எக்ரீஜியஸ் டீச்சர்’ என்று மைக்கில் நானே வாசித்தேன். பலத்த கைதட்டல். டீச்சரின் மகள் அனுசுயா மட்டும் செல்போனைத் தட்டிப் பார்த்துவிட்டு அம்மா காதில் ஏதோ சொன்னாள். டீச்சர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். களைப்பாக இருக்கும்.

ஜூன் 1
களைப்பில்லை. போன் வந்தது.
“ஏன் சார், கடைசி நாள்ல ‘படுமோசமான டீச்சர்’னு வெட்டிக் குடுத்திருக்கீங்களே, இத்தன வருசமா மனசுல அதான் இருந்துச்சா?”
வைத்துவிட்டார்.
அகராதியை மறுபடி எடுத்தேன். நல்ல அர்த்தத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், ‘வழக்கொழிந்தது’. இன்றைய அர்த்தம் அதற்கு அடுத்த வரியில். ‘கடைசி வரைக்கும் படிடா’ என்று எத்தனை பிள்ளைகளைக் குட்டியிருக்கிறேன்! இப்போது என்னை யார் குட்டுவது?

ஜூன் 3
அரியலூர் போனேன். வாசலில் நின்றே விளக்கினேன். முதலில் அது பாராட்டுதான். வெள்ளைக்காரன் கேலியாகச் சொல்லிச் சொல்லியே வசவாகிவிட்டது. மந்தை, ஆடு, உதாரணம் —
“அப்ப நான் ஆடா சார்?”
திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸுக்கு முன்னால் சிமென்ட் லாரி. வாய் நிறையப் புழுதி. மைக்கைப் பிடிக்கும் முன்பே நிறைந்திருக்கக் கூடாதா!

ஜூன் 4
குளிக்கும்போது தோன்றியது — நாற்றம்! பழந்தமிழில் நறுமணம், இன்று மூக்கைப் பிடிக்கிறோம். தமிழ் டீச்சரிடம் போய் லத்தீன் பேசியிருக்கிறேனே, நான் என்ன வாத்தியார்? செய்தி அனுப்பினேன்: ‘நாற்றத்துக்கு நேர்ந்ததுதான் டீச்சர் அந்தச் சொல்லுக்கும் நேர்ந்தது. நான் பூவைத்தான் சொன்னேன்.’


ஜூன் 7
போன்.
“நாளைக்கு பெரம்பலூர் வரேன். நாத்தம் புடிச்ச மனுசன் வூட்ல இருப்பாரா?”
“பழைய அர்த்தமா டீச்சர், புது அர்த்தமா?”
“கடைசி வரைக்கும் படிங்க சார்.” சிரிப்பு. “ஷீல்ட ஹால்லதான் மாட்டியிருக்கேன்.”
நல்ல காபித்தூள் வாங்கி வைக்க வேண்டும். ‘நல்ல’ — எதற்கும் அகராதியில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.